பஞ்சு போன பெட்டி

கடலுப்பு தின்னாத பொருள் எங்க சிலுவைத்துறையில எதுவும் கிடையாது. சைக்கிள் ரிம்மைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், கல்லறைச் சிலுவையில எழுதின பேரைத் தின்னும், அப்படித் தின்னுக்கிட்டே வந்து ஒரு தவக்காலத்துல கோயில் பீடத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள இருந்த பஞ்சையும் தின்னு முடிச்சிச்சு, அன்னையிலிருந்து மைக்குல யாரு என்ன பேசினாலும் அவிய பேசினது முதல்ல வந்துச்சு, பேசாம முழுங்கினது அதுக்குப் பின்னாலேயே வந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை பூசையில பங்குச்சாமி மைக்கு முன்னால வந்து "அன்பார்ந்த இறைமக்களே"ன்னாவ. பெட்டியும் அன்பார்ந்த இறைமக்களேன்னு சொல்லிட்டு, ஒரு மூச்சு விட்டு, சாமியோட அதே குரல்ல, "முட்டி வலிக்குது, இதுகளுக்கு என்னத்தச் சொன்னாலும் ஏறப் போறதில்ல, அந்தச் சீலா மீனை இன்னைக்காவது காரமா வச்சா நல்லாருக்கும்"னு சொல்லிச்சு. யாரும் அலறல, யாரும் எந்திரிச்சு ஓடல. பொம்பளையாளுக பக்கத்துல இருந்து, "காரமாத்தான் வச்சிருக்கேன் சாமி"ன்னு சமையக்காரி பதில் சொன்னா. சாமி மைக்கைக் கையால பொத்திக்கிட்டு, மீதிப் பூசையை வெறுந்தொண்டையில முடிச்சாவ. அதுக்கப்புறம் அவிய மைக்குப் பக்கம் வரல.

பூசை முடிஞ்சதும் பெல்லார்மினைக் கூப்பிட்டோம். ஊருக்கு மைக்கு, லைட்டு, திருநாளுக்குச் சீரியல் பல்பு எல்லாம் அவன் கைதான். நாப்பதைத் தொடப்போற வயசு, கல்யாணமில்ல, நாலு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை சொல்லுவான். பெட்டி பழைய பெட்டி, ஒரு இத்தாலிக்காரச் சாமி கப்பல்ல கொண்டுவந்து ஆயரை வச்சு ஜெபம் பண்ணி மந்திரிச்ச பெட்டி. அவன் திருகாணியைக் கழட்டி, ஸ்பீக்கரை வெளிய எடுத்துக் குப்புறப் போட்டு, உள்ளே விரலை விட்டான். விரல்ல, ஈரம் பட்ட கருப்பட்டி மாதிரி கருப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

"இந்தக் காகிதக் கோன் முன்னால தள்ளுற சத்தம் நமக்கு"ன்னான். "பின்னால தள்ளுற சத்தம் பெட்டிக்கு. பின்னால போறதைக் குடிச்சுக்கிறதுக்குத்தான் உள்ளே பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தப் பஞ்சு இப்பப் போச்சு. இனிமே ரெண்டும் சேந்துதான் வரும். மதுரையில பஞ்சு கிடைக்கும், இதைச் சுரண்டிட்டுப் புதுசு ஒட்டிரலாம்."

ஊர்க் கமிட்டித் தலைவர் மச்சாது, அவன் விரல்ல இருந்த கருப்பைப் பாத்தாரு, பெட்டியைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு. "இருக்கட்டும்லே. மந்திரிச்ச பெட்டி, அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது"ன்னாரு. அவரு மண்டைக்குள்ள என்ன ஓடிச்சுன்னு எங்களுக்குத் தெரியாது, அவரு மைக்குல பேசலயே.

பேசவே இல்ல. அதைத்தான் சொல்ல வாறேன். அன்னையில இருந்து கமிட்டி அறிவிப்பெல்லாம் கரும்பலகைக்குப் போயிருச்சு; ஓட்டு கேட்டு வந்த ஆளுகளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு; விசைப்படகு வச்சிருக்கவிய யாரும் கோயில்ல வாசகம் வாசிக்க முன்வரல, கண்ணு தெரியலன்னாவ. மைக்கு மட்டும் நின்ன இடத்துலயே நின்னுச்சு. ஒரு பொருள் சும்மா நின்னா அதுக்கு ஒரு வேலை கொடுக்கிறது எங்க ஊர்ப் பழக்கம். களவு போச்சா, கூட்டிட்டு வா, மைக்குல பேசச் சொல்லு. கூலிக்குப் போனவன் மீனை மறைச்சானா, மைக்குல பேசச் சொல்லு. பெட்டியில ஏத்துறதுன்னு அதுக்குப் பேரே வந்துருச்சு. மச்சாது வீட்டுச் சங்கிலி காணாமப் போனப்ப வேலைக்காரியைப் பெட்டியில ஏத்தினோம். நான் எடுக்கலன்னு அவ சொன்னா, எடுக்கலதான்னு பெட்டியும் சொல்லிச்சு, ஆனா பெட்டி அதோட நிக்கல, அவ யாரை நினைச்சுக்கிட்டு ராவுல முழிச்சுக் கிடக்கான்னும் சொல்லிருச்சு. சங்கிலி தலைவர் வீட்டு அலமாரிக்குப் பின்னால கிடச்சிச்சு. அவ ஊரை விட்டுப் போனா. சங்கிலிக்காகப் போகல, மத்ததுக்காகப் போனா, அதனால எங்க மேல குத்தம் சொல்ல முடியாது.

சாமிகிட்டப் பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் வாறது நின்னுபோச்சு. சாமி மைக்கைத் தொடுறதில்லதான், ஆனா எவனாவது ஒருநாள் தொட வச்சுட்டா? ஊர்ப் பாவம் மொத்தமும் அவிய வயித்துக்குள்ளதானே கிடக்கு. அதனால அவனவன் பாவத்தை அவனவனே வச்சுக்கிட்டான்.

ஆனா கல்யாணம் இருக்கே, அதுலதான் எங்களுக்குத் திருநாள். மாப்பிள்ளையும் பொண்ணும் சம்மதத்தை மைக்குல சொன்னாத்தான் எங்க ஊர்ல அது சம்மதம். வெளிய வெயில்ல நிக்கிறவனுக்கும் காதுல விழணும்னு அந்த இத்தாலிக்காரச் சாமி போட்ட வழக்கம், அதை மாத்த யாருக்கும் தைரியமில்ல. சாமி வெறும்வாயில கேப்பாவ, இவிய மைக்குல சொல்லுவாவ. ஒரு மாப்பிள்ளை சம்மதம்னான், "நான் கேட்டது இவ தங்கச்சியை"ன்னு பெட்டி சொல்லிச்சு. ஒரு பொண்ணு சம்மதம்னா, "அந்த வாயைக் கிட்டக் கொண்டுவந்தா வாந்தி வரும்"னு பெட்டி சொல்லிச்சு. கல்யாணம் ஒண்ணும் நிக்கல, தாலி ஏறிச்சு, பிரியாணி வெந்துச்சு, பிள்ளை பிறந்துச்சு. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் கேக்க வந்தாவ, பாயைக் கொண்டுவந்து முன்னால இடம் பிடிச்சாவ. பணக்கார வீட்டுக் கல்யாணத்தை மட்டும் தூத்துக்குடியில வச்சுக்கிட்டாவ.

இப்ப பிரகாசி. கஸ்பார் பொண்டாட்டி, கருவாடு காயப்போட்டு விக்கிறவ, ஒல்லியா உயரமா இருப்பா, இடது காது கேக்காது. காது பிறவியில கேக்காததில்ல. கஸ்பார் குடிச்சான்னா கையில எது கிடைக்குதோ அதால அடிப்பான், துடுப்பு கிடைச்சாத் துடுப்பு. எங்களுக்கு அது தெரியும். புருசன் பொண்டாட்டி விசயம்னு இருந்தோம்.

ஐப்பசியில ஒருநாள் காலையில கோயில் கோபுரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர்ல புயல் எச்சரிக்கை சொன்னாவ. அது வெறும் தகரக் குழாய், அதுக்கு வயிறு கிடையாது, கொடுத்ததை அப்படியே கக்கும், அதனால எச்சரிக்கைக்கு அதைத்தான் வச்சிருந்தோம். கஸ்பார் போதையில கிடந்தான். மத்தியானம் எந்திரிச்சு, "ஏட்டி, குழாயில ஏதும் சொன்னாவளா"ன்னு பொண்டாட்டிகிட்டக் கேட்டான். "ஒண்ணும் சொல்லல"ன்னு சொன்னா பிரகாசி. அவன் வள்ளத்தைத் தள்ளிக்கிட்டுப் போனான். வள்ளம் மட்டும் கவுந்து வந்துச்சு.

இந்தப் பேச்சு அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்பவே சொல்லிட்டேன், பின்னால வாறது புரியணும்ல. அன்னைக்கு இது அவளுக்குத் தெரியும், அப்புறம் பெல்லார்மினுக்குத் தெரியும், அவ்வளவுதான். கரி பிடிச்ச விளக்கு மாதிரி மங்கி எரிஞ்ச பல்பை மாத்த அவ வீட்டுக்குப் போனவன்கிட்ட, ஸ்டூல் மேல அவன் நிக்கும்போது, கீழ இருந்துக்கிட்டே சொல்லிட்டா. சாமிகிட்டச் சொல்ல முடியாது, வேற யாருகிட்டச் சொல்லுவா. அவன் பல்பை மாட்டிட்டு இறங்கினான். "நான் உன்னைக் கட்டிக்கிடுதேன்"ன்னான். நாலு வார்த்தை கேட்டா ஒண்ணு சொல்றவன் அவ கேக்காமலே சொன்னான், அவன் அவ மேல உசுரா இருந்தான், அதுல பொய் ஒண்ணும் இல்ல.

கஸ்பாரோட அண்ணன் எலியாசுக்கு மட்டும் ஆறல. "கடலைத் தெரிஞ்சவன் எச்சரிக்கை சொன்ன அன்னைக்கு ஏன் போனான்? அவளைப் பெட்டியில ஏத்துங்க"ன்னு கமிட்டியில நின்னான். ஏத்தத்தான் பாத்தோம். ஒரு தடவை ஃப்யூஸ் போச்சு, ஒரு தடவை ஒயரை எலி கடிச்சிச்சு, ஒரு தடவை ஆம்ப்ளிஃபயர்ல புகை வந்துச்சு. பெல்லார்மின் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். ஆனா கல்யாணம்னு ஒண்ணு வச்சா எந்த ஃப்யூசும் காப்பாத்தாது. மைக்குல சொல்லலன்னா சம்மதமில்ல, சொன்னா அவ கதை முடிஞ்சிரும். பெல்லார்மின் மச்சாது வீட்டுக்கு நடையா நடந்தான். "தலைவரே, பஞ்சை மாத்திருவோம், கோன் அடிபடுது, ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்"னான். "கிழியட்டும்லே, பாப்போம்"னாரு மச்சாது.

அப்பத்தான் ஆண்டவரு மச்சாது வீட்டுக்கதவையும் தட்டினாரு. அவரு மக ஜெனோவாவுக்குக் கனடா மாப்பிள்ளை அமைஞ்சிச்சு, மாப்பிள்ளையோட தாயார் ஒத்தைக் காலுல நின்னா, எங்களுக்கு இந்த மாதா கோயில்லதான் நேர்ச்சை, தூத்துக்குடியெல்லாம் முடியாதுன்னு. ஜெனோவா மனசுல யாரு இருந்தான்னு ஊருக்கே தெரியும், ஐஸ் ஃபாக்டரியில வேலை பாக்கிறவன். மச்சாது தானே நடந்து பெல்லார்மின் கடைக்கு வந்தாரு. "மக்கா, அந்தப் பஞ்சு கதை என்ன ஆச்சு"ன்னாரு.

பெல்லார்மின் ஒண்ணே ஒண்ணு கேட்டான். "உங்க மக கல்யாணத்தன்னைக்கே சாயங்காலம் எனக்கும் பிரகாசிக்கும் கல்யாணம் வச்சுக்கிடுதேன் தலைவரே." மச்சாதுக்கு அதுல என்ன நட்டம், சரின்னாரு. மூணு ஞாயிறும் ரெண்டு ஜோடியோட கல்யாண அறிவிப்பு ஓலையும் ஒண்ணா வாசிச்சாவ, தடையிருந்தாச் சொல்லுங்கன்னு சாமி வெறுந்தொண்டையில கேட்டாவ, எலியாஸ் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தான்.

மதுரையில இருந்து பஞ்சு வந்துச்சு, சாம்பல் கலர்ல, விரலை வச்சு அமுக்கினா அமுங்கிட்டு மெதுவா எந்திரிக்கும். சனிக்கிழமை பகல்ல கோயில் கதவைத் திறந்து போட்டுக்கிட்டு வேலை பாத்தான். ஸ்பீக்கரைக் கழட்டி, பழசை ஐஸ் குச்சியால சுரண்டி, கோன்ல கை படாம, ஸ்பிரிட்டுல துணியை நனைச்சுத் துடைச்சு, காகிதத்துல அளவு வெட்டி அதை வச்சுப் பஞ்சை வெட்டி, பசையை லேசாத் தடவிக் காயவிட்டு ஒட்டினான். பிரகாசி கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல இருந்தா.

"நிக்குமா?"ன்னா.

"நாம செத்தாலும் நிக்கும். கோனை மட்டும் தொடக் கூடாது, மத்தபடி நிக்கும்."

"எல்லாத்தையும் குடிச்சிருமா?"

"உன்னோடது எல்லாத்தையும் குடிச்சிரும்"னான். அவ சிரிச்சா. கஸ்பார் போன பிறகு அவ சிரிச்சதை அன்னைக்குத்தான் பாத்தோம், ஜன்னல் வழியா.

மறுநாள் காலையில ஜெனோவா கல்யாணம். ஊரே கோயிலுக்குள்ள, பக்கத்து ஊரு வெளிய. மாப்பிள்ளை சம்மதம்னான், பெட்டி சம்மதம்னுச்சு. ஜெனோவா ஐஸ் ஃபாக்டரிக்காரன் நின்ன பக்கம் பாக்காம, சம்மதம்னா, பெட்டி சம்மதம்னுச்சு. காதைத் தீட்டிக்கிட்டு இருந்தோம், ஒண்ணும் வரல, வெறும் சம்மதம். தாலியைக் கட்டிட்டுப் போட்டோ எடுக்கப் போயிட்டாவ. பாயைச் சுருட்டும்போது எங்களுக்கு வந்துச்சு பாருங்க ஒரு எரிச்சல். பந்தியில பாயாசத்தை இலையிலேயே விட்டோம். பணக்காரப் பிள்ளைக்குப் பஞ்சு வச்சாச்சு, கனடாவுக்குப் போகப் போறா, சரி. கருவாட்டுக்காரிக்கும் அதே பஞ்சா? எலியாஸ்தான் முதல்ல எந்திரிச்சான், ஆனா எலியாஸ் மட்டும் எந்திரிக்கல. கை கழுவிட்டுக் கோயிலுக்குள்ள போனோம். திருகாணியை ஒருத்தன் கழட்டினான், பெட்டியை ஒருத்தன் பிடிச்சான், மீன் செதில் சீவுற கத்தியை ஒருத்தி கொடுத்தா. புதுப் பஞ்சைச் சுரண்டி எடுத்துட்டு, முன்பக்கத் துணி சுருக்கமில்லாம இருக்கான்னு பாத்து, இருந்தபடி நிறுத்தினோம். பெல்லார்மின் அப்பக் குளிச்சுக்கிட்டு இருந்தான். மச்சாது தூரத்துல நின்னு பாத்தாரு. அவரு மக கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே.

சாயங்காலம் காலையை விடக் கூட்டம். பிரகாசி நீலச் சேலை, முடியில கொஞ்சம் பிச்சிப்பூ. பெல்லார்மின் போகும்போது பெட்டியை ஒரு பார்வை பாத்தான், அவன் கண்ணுக்கு எல்லாம் சரியா இருந்துச்சு. சாமி கேட்டாவ, "பெல்லார்மின், பிரகாசியை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?"

மாப்பிள்ளைதான் முதல்ல சொல்லணும். அதை நாங்களும் மறந்துட்டோம், நாங்க காத்துக்கிட்டு இருந்தது அவ குரலுக்கு.

"சம்மதம்"ன்னான் பெல்லார்மின், மைக்குல, நிமிந்து நின்னு.

சம்மதம்னுச்சு பெட்டி. அப்புறம் அவன் குரல்லயே, அவன் வாழ்நாள்ல பேசாத நீளத்துக்குப் பேசிச்சு: "குழாயில எச்சரிக்கை சொன்னாவளான்னு கஸ்பார் கேட்டான், ஒண்ணும் சொல்லலன்னு இவ சொல்லி அனுப்பினா, முகம் கோணாமச் சொல்லியிருப்பா, நாளைக்கு என்னையும் அதே முகத்தோட அனுப்பிட்டா நான் என்ன செய்வேன், இவ போடுற சோத்தை எப்படிப் பயமில்லாமத் திம்பேன்."

பெல்லார்மின் அந்தப் பெட்டியையே பாத்தான், அது யாரோ எவனோ பேசினது மாதிரி. அவன் அப்படி நினைச்சது அவனுக்கே அப்பத்தான் தெரிஞ்சிருக்கும்னு நான் இன்னைக்கும் நம்புதேன். மைக்கு முன்னால இருந்து நகராமலே அவ பக்கம் திரும்பி, "நான் அப்படி நினைக்கல பிரகாசி"ன்னான்.

நான் அப்படி நினைக்கல பிரகாசின்னுச்சு பெட்டி. "நினைச்சேன். தினமும் நினைச்சேன்."

அவ அவனைக் கொஞ்ச நேரம் பாத்தா. முன்வரிசையில எலியாஸ் எந்திரிச்சு நிக்கிறதும் அவளுக்குத் தெரிஞ்சிச்சு, பக்கவாட்டுக் கதவு திறந்துதான் கிடந்துச்சு, ஓடியிருக்கலாம். அவ ஒரு அடி முன்னால வச்சு, பெல்லார்மினைத் தோளால கொஞ்சம் தள்ளிட்டு, சாமி கேக்கிறதுக்கு முன்னாலயே மைக்குல சொன்னா.

"எனக்குச் சம்மதம்."

எனக்குச் சம்மதம்னுச்சு பெட்டி. காத்துக்கிட்டு இருந்தோம். பெட்டி இரைஞ்சிச்சு, உப்புக் காத்து உள்ளே போய் வந்துச்சு, வேற ஒண்ணும் வரல. பஞ்சில்லாத பெட்டியில ஒரு சொல்லு ஒத்தையா வந்து நின்னதை எங்க ஊர்ல அன்னைக்குத்தான் கேட்டோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால அவகிட்ட வேற எதுவுமே இல்ல.

ஆனா அதுக்குள்ள எலியாஸ் அவ முடியைப் பிடிச்சுட்டான். சாமி வேண்டாம்னு சொன்னாவ, வெறுந்தொண்டையில சொன்னாவ, கூட்டத்துல கேக்கல. பெல்லார்மின் குறுக்க வந்தான், அவனை நாலு பேரு பெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டோம். அவளை வாசல் வழியா, பாய் போட்டு இருந்த கூட்டத்துக்கு நடுவுல, கரைக்குக் கூட்டிட்டுப் போனாவ. கஸ்பார் வள்ளம் அங்கதான் கவுத்துப் போட்டுக் கிடந்துச்சு, அதை நிமித்தி அவளை ஏத்தி, எலியாசும் அவன் மச்சினமாரும் தள்ளிக்கிட்டுப் போனாவ. திரும்பி வரும்போது அவிய மட்டும் வந்தாவ. போலீசு வந்து கேட்டுச்சு, அவளாக் குதிச்சான்னு எல்லாரும் சொன்னோம். போலீசு மைக்கு வச்சுக் கேக்கல.

கடல் அவளைத் திருப்பிக் கொடுத்துருச்சு. நீலச் சேலை உடம்புல கிடந்துச்சு, பிச்சி இல்ல. அடக்கப் பூசை வைக்கணும்னு சாமி உறுதியா நின்னாவ, அதுல எங்களுக்கும் எதிர்ப்பில்ல, ஆளு செத்தாப் பூசை வைக்கிறதுதானே. ஆனா அடக்கப் பூசையில உறவுக்காரன் ஒருத்தன் மைக்குல மன்றாட்டு வாசிக்கணும். அவளுக்கு உறவுன்னா எலியாஸ்தான். எலியாசுக்குப் பிறகு கமிட்டி சார்பா மச்சாது வாசிக்கணும். நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தோம்.

மச்சாது பெல்லார்மின் கடைக்குப் போனாரு. நாங்க வாசல்ல நின்னோம். அவன் கல்யாணச் சட்டையை இன்னும் கழட்டல.

"மக்கா, மிச்சப் பஞ்சு இருக்கா?"

"இருக்கு."

"இன்னைக்கே வச்சிரணும்."

"நானா வைக்கணும் தலைவரே?"ன்னான்.

"வேற யாருக்குடே தெரியும்"னாரு மச்சாது, ஆதரவாத்தான் சொன்னாரு.

அவன் ஐஸ் குச்சி, கத்தரிக்கோல், பசை டப்பா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்தான். நாங்க செதில் கத்தியால கண்டபடி சுரண்டி வச்சிருந்ததைப் பாத்து, பிசிறையெல்லாம் துடைச்சு, காகிதத்தை வச்சு அளவு வெட்டி, கோன்ல கை படாம ஒட்டினான். கத்தரிக்கோலைப் பிடிச்சுக்க ஒருத்தரும் பக்கத்துல போகல. முடிச்சதும் மைக்கை அவன் சோதிச்சுப் பாக்கல, வேண்டாம்னுட்டான்.

பூசையில எலியாஸ் கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு மைக்கு முன்னால வந்து, "எங்கள் அன்புச் சகோதரி பிரகாசியின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்"னு வாசிச்சான். பெட்டி அதைச் சொல்லிச்சு, அதை மட்டும் சொல்லிச்சு. எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு நாங்க எல்லாரும் சொன்னோம். கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரு எழுத்து தப்பாமக் கேட்டுச்சு, வெளிய நின்னவியளுக்கும் கேட்டுச்சு, பெல்லார்மின் வேலைன்னா வேலைதான்னு ஊரே சொல்லிச்சு.